காசு கொடுத்துக் கேட்ட பாட்டு

இசைச் சேனல்களைப் பற்றி எழுதப் போகிறேன் என்றவுடன் நண்பர் ஒருவர் சொன்னார்: "அதுல என்ன இருக்கு? சினிமாப் பாட்டையே திருப்பித் திருப்பிப் போடுறான். நடுவுல ஒரு பொண்ணு வந்து இங்கிலீஷ் கலந்து பேசுது. அவ்வளவுதானே." இடதுசாரி நண்பர்களைக் கேட்டால் 'நுகர்வுக் கலாச்சாரச் சீரழிவு' என ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். தமிழ்த் தேசியம் பேசுபவர்களுக்கு அது 'தமிங்கிலம்'. இன்னொரு பக்கம், பண்பாட்டு ஆய்வுகளைப் படித்துவிட்டு வந்திருக்கிற இளைய நண்பர்கள். எதை எடுத்தாலும் அதில் மக்களின் 'எதிர்ப்பை'க் கண்டுபிடித்துவிடுகிறார்கள். இந்த மூன்று தரப்புமே கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. இந்தப் பாட்டுக்குக் காசு கொடுத்தவர்கள் யார், யாரிடம் கொடுத்தார்கள், கொடுத்த காசுக்கு அவர்களுக்கு என்ன கிடைத்தது?

நான் செங்கல்பட்டில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேபிள் சந்தா கட்டியவன். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற சாலையிலும், அங்கிருந்து தெற்கே கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் வரை உள்ள குப்பங்களிலும் அமைப்பு வேலையாக அலைந்தவன். எந்த வீட்டுக்குள் போனாலும் டி.வி. ஓடிக்கொண்டிருக்கும். பேச்சைத் தொடங்க வேண்டுமானால் யாராவது எழுந்து போய்ச் சத்தத்தைக் குறைக்க வேண்டும். யாரும் நிறுத்தமாட்டார்கள், சத்தத்தை மட்டும்தான் குறைப்பார்கள். தொலைக்காட்சியின் இயல்பே தனித்தனி நிகழ்ச்சி அல்ல, இடைவிடாத ஓட்டம் என்று ரேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் எழுதியதை நான் புரிந்துகொண்டது அந்தச் சத்தம் குறைக்கப்பட்ட வீடுகளில்தான். தொடக்கமும் முடிவும் இல்லாத அந்த ஓட்டத்தின் தூய வடிவம் என இசைச் சேனலைத்தான் சொல்ல வேண்டும்.

இதன் மூலக்கதை அமெரிக்காவில் இருக்கிறது. 1981 ஆகஸ்ட் 1 அன்று எம்.டி.வி. தொடங்கியது. அதன் சூட்சுமம் மிக எளிது. இசைத்தட்டுக் கம்பெனிகள் தம் பாடகர்களை விற்பதற்காக எடுத்த படத்துண்டுகளைச் சேனலுக்கு இனாமாகவே கொடுத்தன. ஆக, விளம்பரங்களுக்கு நடுவே ஓடியதும் விளம்பரமே. அதைப் பார்ப்பதற்குத்தான் ஜனங்கள் கேபிள் கட்டணம் கட்டினார்கள். 1982இல் சேனல் ஒரு பிரச்சாரத்தை நடத்தியது: உங்கள் கேபிள்காரருக்குப் போன் போட்டு 'எனக்கு என் எம்.டி.வி. வேண்டும்' என்று கேளுங்கள் என்றது. நட்சத்திரப் பாடகர்களே திரையில் தோன்றிச் சொன்னார்கள். தங்களிடம் விற்கப்பட வேண்டிய சரக்கைத் தாங்களே போராடிக் கேட்கும்படி பார்வையாளர்களைப் பழக்கிய பிரச்சாரம் அது. தொலைக்காட்சி விற்கிற சரக்கு நிகழ்ச்சி அல்ல, பார்வையாளரேதான் என்று டல்லாஸ் ஸ்மைத் 1977இல் எழுதியிருந்தார். அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அந்தச் சேனலின் முதல் இரண்டு ஆண்டுகளில் கறுப்பர்களின் பாட்டு அபூர்வம். 1983இல் டேவிட் போவி பேட்டிக்காக வந்து உட்கார்ந்தவர், பேட்டி எடுத்தவரையே திருப்பிக் கேட்டார்: ஏன் கறுப்பர்களைக் காட்டமாட்டேன் என்கிறீர்கள்? சிறுநகரங்களில் இருப்பவர்களின் ரசனையையும் நாங்கள் பார்க்க வேண்டியிருக்கிறது என்கிற பொருளில் பதில் வந்தது. அதே ஆண்டில் மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' நுழைந்து எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. ராப் இசைக்கென்று தனி நிகழ்ச்சி வர 1988 ஆகிவிட்டது. 'ஜனங்களுக்குப் பிடிக்காது' என்ற சொல்லாடலுக்குப் பின்னால் எந்த ஜனங்கள் என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது. நம் ஊரிலும் இதே பதிலைக் கேட்டிருக்கிறோம் என்பதால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1991இல் ஸ்டார் டி.வி.யின் சாட்டிலைட் வழியாக எம்.டி.வி. இந்த வானத்துக்கு வந்தது. 1994இல் இருவரும் பிரிந்தார்கள். ஸ்டார் சானல் வி என்று தனியாகத் தொடங்கியது. 1996இல் எம்.டி.வி. இந்தியச் சேனலாகத் திரும்பி வந்தபோது இந்தி சினிமாப் பாட்டுக்கு முன்னால் மண்டியிட வேண்டியதாயிற்று. உலகமயம் வந்து உள்ளூரை விழுங்கிவிடும் என்று அப்போது நாம் எழுதிக் குவித்ததை நினைத்துப் பார்க்கலாம். உள்ளூர் முதலாளிகள் அதைவிட வேகமாக விழுங்கக் கூடியவர்களாக இருந்தார்கள்.

தமிழில் அந்தக் கதை வேறு. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை மாலையின் 'ஒளியும் ஒலியும்'தான் நம்முடைய முதல் இசைச் சேனல். ஒருவர் மாடியில் ஆண்டெனாவைத் திருப்ப, கீழேயிருந்து இன்னொருவர் "இப்பத் தெரியுது... போச்சு... இன்னும் கொஞ்சம்" என்று கத்துவார். டி.வி. உள்ள வீட்டு வாசலில் தெருவே உட்கார்ந்திருக்கும். யார் உள்ளே கூடத்தில், யார் திண்ணையில், யார் ஜன்னலுக்கு வெளியே என்பது மட்டும் முன்கூட்டியே தீர்மானமாகியிருக்கும். 1990இல் கலாநிதி மாறன் 'பூமாலை' என்ற வீடியோ இதழைத் தொடங்கினார். 1993 ஏப்ரல் 14இல் சன் டி.வி. வந்தது. 2001இல் எஸ்.எஸ். மியூசிக், 2004இல் சன் மியூசிக், 2008இல் இசையருவி.

அமெரிக்கச் சேனலுக்கும் இவற்றுக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. அங்கே படத்துண்டு பாட்டுக்காக எடுக்கப்பட்டது. இங்கே பாட்டு படத்துக்காக எடுக்கப்பட்டு, தியேட்டரில் விற்று, கேசட்டில் விற்று, வானொலியில் ஒலித்து, தேய்ந்த பிறகு நான்காவது முறையாகச் சேனலில் விற்பனைக்கு வருகிறது. சேனல் தானாக எதையும் தயாரிக்க வேண்டிய தேவையே இல்லை. சினிமாவுக்கு வெளியே ஒரு தமிழ் இசையை இந்தச் சேனல்கள் வளர்த்தெடுக்கும் என்று சிலர் நம்பினார்கள். கிடங்கு நிறையப் பழைய சரக்கு இருக்கும்போது புதுச் சரக்குக்கு எந்த முதலாளி காசு போடுவான்?

சேனல் தானே உற்பத்தி செய்த பண்டம் ஒன்றே ஒன்றுதான்: தொலைபேசி உரையாடல்.

அதன் முன்மாதிரி சன் டி.வி.யின் 'பெப்ஸி உங்கள் சாய்ஸ்'. தொகுத்து வழங்கிய உமா மகேஸ்வரியின் பெயருக்கு முன்னால் குளிர்பானத்தின் பெயர் ஒட்டிக்கொண்டு, அது ஊர்ப்பெயர் போலவே ஆகிவிட்டது. (எங்கள் பக்கத்தில் மாமண்டூரில் நெடுஞ்சாலை ஓரமாக அதே கம்பெனியின் ஆலை இருந்தது. பாலாற்றுப் படுகை ஊர்க்காரர்கள் 'பெப்ஸி' என்றால் பஸ் நிறுத்தம் என்று புரிந்துகொள்வார்கள்.) எஸ்.டி.டி. பூத்தில் நின்றுகொண்டு எண்ணைத் திரும்பத் திரும்பச் சுழற்றியவர்களை எனக்குத் தெரியும். லைன் கிடைக்காது. கிடைத்தால் அந்த வாரம் முழுக்கத் தெருவில் அதே பேச்சு. 'உங்கள் சாய்ஸ்' என்றாலும், சேனலிடம் உரிமை இருக்கிற பாட்டுகளுக்குள்தான் சாய்ஸ்.

சன் மியூசிக் வந்தபோது நிலைமை வேறு. 2003 ஜூலையில் ரிலையன்ஸ் 501 ரூபாய்த் திட்டத்தில் செல்போன் கொடுக்கத் தொடங்கியிருந்தது. போன் கைக்கு வந்துவிட்டது. நாள் முழுக்கப் பேச ஆளும் இருந்தது. உரையாடலின் வடிவம் ஒரு மந்திரம் போல மாறாதது.

"ஹலோ, யார் பேசறீங்க?"

"அக்கா, நான் செய்யூர்ல இருந்து பேசறேன்க்கா."

"பேர் சொல்லுங்க... என்ன பண்றீங்க?"

"எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போறேன்க்கா."

"ஓகே, இந்தப் பாட்ட யாருக்கு டெடிகேட் பண்றீங்க?"

"அம்மா, அப்பா, அண்ணன், அப்புறம் கம்பெனி ஃப்ரெண்ட்ஸ்... அப்புறம் ஒருத்தருக்கு."

இதை அசட்டுப் பேச்சு என்று ஒதுக்குவது சுலபம். பெயர், ஊர், தொழில், உறவு என்று ஒரு விசாரணைப் படிவத்தின் கட்டங்களை அது நிரப்புகிறது என்று ஃபூக்கோவைத் துணைக்கழைத்துச் சொல்லிவிடலாம், அது பொய்யுமல்ல. ஆனால் அதுவரை வெளியார் காதில் தன் பெயரைத் தானே சொல்லியிராத பெண்கள் நூற்றுக்கணக்கில் அந்தத் திரைக்கு முன்னால் பெயரைச் சொன்னார்கள் என்பதையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். தாம்பரம் ஏற்றுமதி மண்டலத்துக்கு மின்சார ரயிலில் போய் வந்தவர்கள், 2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவுக்குக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிச் செல்லப்பட்டவர்கள் எல்லாரும் இந்தக் குரல்களில் இருந்தார்கள். செல்போனைச் செய்தவர்களே செல்போனில் பாட்டுக் கேட்டார்கள்.

'அப்புறம் ஒருத்தருக்கு' என்பதை நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். மொத்த உரையாடலும் அந்த ஒரு சொல்லுக்காகத்தான். பெயரைச் சொல்ல முடியாது. சொன்னால் என்ன நடக்கும் என்பது பேசுகிறவளுக்குத் தெரியும். 2012 நவம்பரில் தர்மபுரி நத்தம் காலனியில் ஒரு கல்யாணத்துக்காக வீடுகள் கொளுத்தப்பட்ட மாநிலம் இது. சேனலும் அந்த மறைவைச் சிரித்தபடி ஏற்றுக்கொண்டது, "யாரந்த ஒருத்தர்?" என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டுப் பாட்டைப் போட்டது. காதல் பாட்டுகளை இரவு பகலாக ஓட்டிக் காசு பார்த்த திரையில், காதலிப்பவரின் பெயரை மட்டும் உச்சரிக்க முடியவில்லை.

ஊர்ப் பெயரிலும் இதே சிக்கல். திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனியைச் சேர்ந்த பெண் என்னிடம் சொன்னாள்: "டி.வி.ல கேட்டா 'திருக்கழுக்குன்றம்'னுதான் சார் சொல்வேன். காலனி பேர எதுக்குச் சொல்லணும்?" திரையில் எல்லோரும் ஊர்க்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். சேரியும் ஊரும் ஒரே கோட்டில் நின்று ஒரே பாட்டைக் கேட்கின்றன. இதை விடுதலை என்பதா, மறைப்பு என்பதா? அவளுக்கு அந்த மூன்று நிமிடம் தேவைப்பட்டது என்ற இடத்தில் என் கோட்பாடு நின்றுவிடுகிறது. ஆனால் அந்த மூன்று நிமிடத்தையும் அவள் காசு கொடுத்துத்தான் வாங்கினாள். போன் செலவு ஒரு பக்கம். திரையின் அடியில் ஓடிய எஸ்.எம்.எஸ். வரிக்குச் சாதாரணக் குறுஞ்செய்தியைவிட அதிகக் கட்டணம். கேபிள் சந்தா தனி.

சந்தாவின் கதையில்தான் அரசியல் அப்பட்டமாகத் தெரிகிறது. 1995இல் கேபிள் சட்டம் வந்தது. 2003 செப்டம்பர் 1 முதல் கட்டணச் சேனல்களுக்குப் பெட்டி வைக்க வேண்டும் என்ற முறை சென்னையில் நடைமுறைக்கு வந்தது. செங்கல்பட்டு அதற்கு வெளியே இருந்தது. எங்களுக்கு டி.வி.எஸ். ஃபிப்டியில் நோட்டோடு வருகிற கேபிள்காரர்தான் சட்டம். 2006 தேர்தலில் வென்ற தி.மு.க. இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது, ஒரு கோடி வீடுகளுக்கும் மேல். பெட்டி அரசாங்கத்தின் இனாம். பெட்டிக்குள் போகிற கம்பியில் பெரும்பங்கு முதலமைச்சரின் உறவினருடைய சுமங்கலி கேபிள் விஷன் கையில். கம்பி வழியே வருகிற சேனலும் அவர்களுடையதே. 2007இல் குடும்பத்துக்குள் சண்டை மூண்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் கலைஞர் டி.வி. வந்தது, அரசு கேபிள் நிறுவனமும் தொடங்கப்பட்டது. 2008 இறுதியில் குடும்பம் சமாதானமானதும் அரசு கேபிள் முடங்கியது. மக்களின் பொழுதுபோக்கு உரிமை என்பது ஒரு குடும்பத்தின் கோபத்துக்கும் சமாதானத்துக்கும் இடையில் ஊசலாடிய காலம் அது.

2011 செப்டம்பரில் ஜெயலலிதா அரசு அரசு கேபிளை மாதம் 70 ரூபாய்க்குத் தூசு தட்டி எடுத்தது. தொடக்கத்தில் கட்டணச் சேனல்கள் பல அதில் வரவில்லை. எங்கள் கேபிள்காரரிடம் ஜனங்கள் சண்டைக்குப் போனார்கள்: "எழுவது ரூவா சரி, சன் மியூசிக் எங்க?" 2017இல் அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்தது, பெட்டிகள் வந்தன. 2019இல் டிராய் புதிய கட்டண முறை: 100 சேனல்களுக்கு அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., கட்டணச் சேனல்களுக்குத் தனித்தனி விலை. அன்றுதான் முதன்முதலாகப் பாட்டின் மீது விலைச்சீட்டு தொங்கியது. வேண்டியதை மட்டும் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் என்றார்கள். குப்பத்து வீடுகளில் கடலுக்குப் போக முடியாத புயல் மாதங்களில் கேபிள் பாக்கி நிற்பதும், கேபிள்காரர் 'அப்புறம் குடுங்க' என்று போவதும் வழக்கமாக இருந்தது. பெட்டி அப்புறம் என்பதை அறியாது. காசு தீர்ந்தால் படம் அணைந்துவிடும்.

பெரிய சேனல்களுக்குப் பக்கத்திலேயே இன்னொன்று ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரும் இசைச் சேனலாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. கேபிள்காரரின் லோக்கல் சேனல். காதுகுத்து வாழ்த்து, மஞ்சள் நீராட்டு வாழ்த்து, கண்ணீர் அஞ்சலிப் படம், கூழ் வார்த்தல் ஊர்வலம், நடுவே பல் டாக்டர் விளம்பரம். எல்லாவற்றுக்கும் பின்னணியில் சினிமாப் பாட்டு, உரிமை எதுவும் வாங்காமல். பதிப்புரிமைச் சட்டப்படி அது திருட்டு. ஆனால் ஒரு பாட்டு எதற்காக இருக்கிறது என்று கேட்டால் லோக்கல் சேனலிடம் பதில் இருந்தது: இன்ன தெருவில் இன்னார் செத்துப் போனார் என்பதற்காக. இறந்தவரின் பாஸ்போர்ட் சைஸ் படம் பெரிதாக்கப்பட்டுப் புள்ளி புள்ளியாய் உடைந்து தெரியும். அதன்மேல் ஒரு ரோஜா சுழலும். அழகியல்வாதிகள் சிரிக்கட்டும். தன் பெயரும் தெருவும் தன் சாவும் திரையில் வர அந்த மனிதருக்கு இருந்த ஒரே இடம் அதுதான்.

லோக்கல் சேனலும் போகாத இடம் உண்டு. மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரைக்கு இருளர்கள் பல மாவட்டங்களிலிருந்தும் வருகிறார்கள். புடவைகளைச் சுற்றிக் குடில் கட்டி இரவெல்லாம் மணலில் தங்குகிறார்கள். மணலில் ஏழு படி வைத்துக் கன்னியம்மனை வணங்குகிறார்கள். விடியலில் அங்கேயே கல்யாணங்கள் நடக்கின்றன. இரவு முழுக்கப் பாட்டு. கடற்கரைக் கோயிலின் பின்னணியில் எத்தனையோ சினிமாப் பாட்டுகள் எடுக்கப்பட்டிருக்கின்றன, எல்லாச் சேனல்களிலும் தேயத் தேய ஓடியிருக்கின்றன. அந்தப் பாட்டுகளில் கடற்கரை எப்போதும் ஆளற்றது. கட்டுமரம் இருக்கும், கட்டுமரக்காரன் இருக்கமாட்டான். அதே மணலில் அதே கோயிலுக்குப் பக்கத்தில் பாடப்படும் பாட்டு இத்தனை ஆண்டுகளில் எந்த இசைச் சேனலிலும் ஒலித்து நான் கேட்டதில்லை.

கானாவுக்கு நேர்ந்தது இதன் இன்னொரு முகம். வடசென்னைச் சாவு வீட்டு இரவுகளில் பாடப்பட்டது, 90களில் தேவாவின் இசையில் சினிமாவுக்குள் வந்து, அங்கிருந்து சேனலுக்குப் போனது. சாவும் சேரியும் கழிந்து தாளம் மட்டும் போய்ச் சேர்ந்தது. அந்தத் தாளத்தை மறுபடி பாடுபவரோடு இணைக்கும் முயற்சியாகத்தான் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' வந்தது. பா. ரஞ்சித்தின் நீலம் அமைப்பும் இசைக் கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. பெயர் அயோத்திதாசரின் 'சாதி பேதமற்ற' என்ற சொல்லிலிருந்து எடுக்கப்பட்டது. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி நடத்தினார்கள். அந்தக் கூட்டத்தைத் திரட்டியதில் இசைச் சேனல்களுக்குப் பங்கில்லை. யூடியூபும் முகநூலும் போதுமாயிருந்தன.

சேனலின் வாசற்காவலன் ஒழிந்தான், இனி எவரும் பாடலாம் என்று அப்போது ஒரு கொண்டாட்டம் எழுந்தது. நானும் மகிழ்ந்தேன். இப்போதும் அதைத் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் 2021 மார்ச்சில் மாஜ்ஜா தளம் வெளியிட்ட 'எஞ்சாய் எஞ்சாமி'க்கு நேர்ந்ததைப் பாருங்கள். தெருக்குரல் அறிவும் தீயும் பாடினார்கள், இசை சந்தோஷ் நாராயணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பி, நிலமற்ற கூலியாகவே வாழ்ந்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து அறிவு எடுத்த பாட்டு. சினிமாவின் தயவில்லாமல் 40 கோடிக்கும் மேற்பட்ட பார்வைகள். 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டைப்படத்தில் தீ இருந்தார், அறிவு இல்லை. ரஞ்சித் அதைப் பகிரங்கமாகக் கேட்டார்.

அடுத்த ஆண்டு 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நம்ம மாமல்லபுரத்துக்கு வந்தது. ஈ.சி.ஆர். சாலை பளபளத்தது. ஆட்டங்கள் பூஞ்சேரி பக்கத்து நட்சத்திர ஓட்டலில், தொடக்க விழா 2022 ஜூலை 28 அன்று சென்னை நேரு விளையாட்டரங்கில். பிரதமரும் முதலமைச்சரும் அமர்ந்திருந்த மேடையில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அந்தப் பாட்டைப் பாடினார்கள். அறிவு வெளிநாட்டில் இருந்தார். சில நாட்களில், பாட்டை எழுதி உருவாக்கியதில் தன் உழைப்பு மறைக்கப்படுகிறது என்று அவர் எழுதினார். சந்தோஷ் நாராயணனும் தீயும், அறிவின் பங்கை எங்கும் மறைக்கவில்லை, இது கூட்டு உழைப்பு என்று விளக்கம் கொடுத்தார்கள். மாரியம்மாளை இதில் இழுத்தவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு: அவர் பாடியதில் குறையில்லை, ஒரு ஒடுக்கப்பட்ட குரலின் இடத்தில் இன்னொரு ஒடுக்கப்பட்ட குரலை வைத்துக் கணக்கை நேர் செய்ய முடியாது.

யார் சொல்வது எவ்வளவு சரி என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. என் அக்கறை அந்தக் காட்சியின் அமைப்பில் இருக்கிறது. நிலமில்லாதவர்களைப் பற்றிய பாட்டு அரசு விழாவின் அலங்காரமாகிறது. பாடுவதற்குக் காற்றும் மண்ணும் தேவை, எழுதியவன் தேவையில்லை. சேனல் காலத்தில் திரையின் மூலையில் படத்தின் பெயர், இசையமைப்பாளர், பாடியவர் என்று ஒரு சீட்டு வந்து போகும். எழுதியவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கைச் சட்டம் தந்ததே 2012இல்தான். சீட்டு போய் இப்போது வீடியோவுக்குக் கீழே 'மேலும் காண்க' என்ற மடிப்புக்குள் எல்லாப் பெயர்களும் இருக்கின்றன. அதை யார் விரித்துப் பார்க்கிறார்கள்?

பழைய சேனல்கள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருக்கின்றன. சானல் வி 2018இல் இந்தியாவில் மூடப்பட்டது. எங்கள் கேபிள்காரர் கம்பியைக் கழற்றிவிட்டு ஃபைபர் இழுக்கிறார். "பாட்டுக்குன்னு இப்ப யார் சார் காசு தர்றா? நெட்டுக்குத்தான் தர்றாங்க" என்றார் போன மாதம் பணம் வாங்க வந்தபோது. 2024 மார்ச்சில், பாட்டு வெளியாகி மூன்று ஆண்டு முடிந்த வேளையில், சந்தோஷ் நாராயணன் ஒரு வீடியோவில் பேசினார். அந்தப் பாட்டிலிருந்து தனக்கோ அறிவுக்கோ தீக்கோ அதுவரை ஒரு பைசா வருமானம் வந்து சேரவில்லை என்றார்.